சவரிமுத்து வீட்டு ஆடு

எங்கள் கோயிலுக்கு நூறு வருசம் ஆகப்போகிறதாம். மலர் போடுகிறார்கள். இப்போதுள்ள இளம் பங்குச் சாமியார் ஒரு சாயங்காலம் வீடு தேடி வந்து, "ஐயா, கெடியாரச் சாமிகிட்ட வேலை செஞ்சவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம். அவரப் பத்தி எழுதிக் குடுங்க" என்றார். கோயில் கட்டியது, பள்ளிக்கூடம் வைத்தது, கிணறு வெட்டியது எல்லாம் மலரின் முதல் பக்கத்திலேயே படத்தோடு வந்துவிடும். அதையே திருப்பி எழுத நான் எதற்கு? நான் கண்ணால் பார்த்த ஒன்றை எழுதுகிறேன். அதைப் பார்த்த அன்று விக்கித்துப் போய் நின்றவன் நான். இத்தனை வயதாகியும் அந்த விக்கிப்பு முழுதாகத் தீரவில்லை. மலரில் போடுவதும் போடாததும் சாமியார் இஷ்டம்.

நான் இந்தக் கோயிலில் கோயில்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன். மணி அடிப்பது, விளக்கேற்றுவது, பூசைக்கு உடுப்பு எடுத்து வைப்பது, சாமியார் நோயாளியைப் பார்க்கப் போனால் கூடப் போவது, இதுதான் உத்தியோகம். எனக்கு முன்னால் என் தகப்பனார் செய்தார். அவருக்குக் கண் மங்கியதும் நான் வந்து நின்றேன். வேலை பழகியதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. திட்டு வாங்கினேன், பழகிவிட்டது.

திட்டியவர் கெடியாரச் சாமி. பிரான்சு தேசத்துக்காரர். சேலத்துப் பக்கம் தமிழ் படித்தவர். மேடையில் நின்றால் வாயில் வடமொழி கலந்த வேதப்புத்தகத் தமிழ் வரும். கீழே இறங்கினால் "வூட்டுக்குப் போயிட்டு வெரசா வாடா" என்பார். மணி அடிப்பதில் ஒரு நிமிசம் பிந்தினால் போதும், கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். ஒன்றும் பேசமாட்டார். அந்த நிற்பது இருக்கிறதே, அதற்கு நாலு அறை வாங்கிக்கொள்ளலாம். அதனால்தான் சனங்கள் அப்படிப் பேர் வைத்தார்கள்.

இப்போது ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்கு நன்மை கொண்டுபோக ஒரு டீச்சரம்மாவையே அனுப்புகிறார்கள். நன்மை என்றால் பூசையில் தரும் அப்பம். அது சேசுவின் உடல் என்பது எங்கள் விசுவாசம். அந்த அம்மா அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கடத்தூர் பஸ்ஸில் ஏறுவதை முதல் தடவை பார்த்தபோது எனக்கு மண்டியிடத்தான் தோன்றியது. தப்பு என்று சொல்ல வரவில்லை, ரோமாபுரியிலேயே அனுமதி வந்துவிட்டது. ஆனால் நான் பழகிய காலம் வேறு. நன்மையைச் சாமியாரைத் தவிர வேறொருவர் தொடக்கூடாது. அது இருக்கும் பாத்திரத்தைக்கூட வெறுங்கையால் தொடக்கூடாது, துணி வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஒரு தடவை பூசைப் பாத்திரம் மேசை விளிம்பிலிருந்து சரிந்தது. நான் பாய்ந்து பிடித்துவிட்டேன். பாராட்டுவார் என்று பார்த்தால் சாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன் புடிச்ச?" என்றார்.

"விழுந்துருமேன்னுதானுங்க சாமி."

"விழட்டும். விழுந்தா நசுங்கும். நசுங்குனா தட்டான் சரி பண்ணுவான். நீ தொட்டுட்டயே, அத யாரு சரி பண்றது?"

ஒரு மாதம் பீடத்துப் பக்கமே வரக்கூடாது என்று வாசலைக் கூட்ட விட்டுவிட்டார். அவ்வளவு கறார்.

அவருடைய கறாரில் மாட்டிக்கொண்டவர்தான் சவரிமுத்து. பாப்பிரெட்டிப்பட்டிக்கு அந்தப்புறம், வாணியாற்றைத் தாண்டி, சித்தேரி மலை அடிவாரத்துச் சிற்றூரில் அவர் குடும்பம். புன்செய்க் காடு கொஞ்சம், ஆடு கொஞ்சம். அந்த ஊரில் எங்கள் சபைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு வீடு இருக்கும். இரண்டாம் உலக யுத்தம் வருவதற்குச் சில வருசம் முந்தி அந்தப் பக்கமெல்லாம் அம்மை போட்டுத் தாக்கியது. வீட்டுக்கு ஒருவர் படுத்தார்கள். கெடியாரச் சாமி வீடுவீடாகப் போய் வாயில் கஞ்சி ஊற்றினார். சித்தேரியிலிருந்து இறங்கி வந்து விழுந்து கிடந்த மலைச்சனங்களுக்கும் ஊற்றினார். கடைசியில் அவரும் படுத்துத்தான் எழுந்தார்.

எழுந்ததும் காதுக்கு வந்த சமாசாரம் இதுதான்: அம்மை சமயத்தில் சவரிமுத்து வீட்டிலிருந்து மாரியம்மன் கோயிலுக்கு ஆடு போயிருக்கிறது. பார்த்தவர்கள் ஊரில் செபம் சொல்லித்தரும் உபதேசியாரிடம் சொல்ல, உபதேசியார் சாமியிடம் சொல்லிவிட்டார். சாமி ஆளனுப்பிக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"உன் வூட்டு ஆடா?"

"ஆமாங்க சாமி."

"நீ குடுத்ததா?"

"என் வூட்டு ஆட்ட நான் குடுக்காம வேற யாருங்க குடுப்பாங்க?"

பிள்ளைகளுக்கு அம்மை என்று பயந்துபோய்ச் செய்திருப்பான் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். சாமியும் அப்படித்தான் நினைத்தார். அந்தக் காலத்து வழக்கப்படி தண்டனை சொன்னார். மூன்று ஞாயிறு கோயில் வாசலில் கையில் மெழுகுத்திரியோடு மண்டியிட வேண்டும். பூசைக்கு வருகிற சனங்களுக்கு முன்னால், 'நான் செய்ததற்கு மனஸ்தாபப்படுகிறேன்' என்று சொல்ல வேண்டும். அதோடு சரி, உள்ளே சேர்த்துக்கொள்வார்.

சவரிமுத்து யோசித்துவிட்டுச் சொன்னார்: "மண்டி போடறனுங்க சாமி. திரி புடிக்கறேன். மூணு வாரமில்ல, முப்பது வாரம்னாலும் சரிங்க. வருத்தப்படறேன்னு மட்டும் சொல்லமாட்டேனுங்க."

சாமியிடம் எதிர்ப் பேச்சுப் பேசிய ஆளை அதுவரை நான் பார்த்ததில்லை. சாமி அவரைச் சபைக்குப் புறம்பாக்கினார். பூசை கிடையாது, நன்மை கிடையாது; மனஸ்தாபப்படாமல் செத்தால் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு உள்ளே இடமும் கிடையாது. நாண்டுகொண்டு செத்தவர்களைப் புதைக்கிற மாதிரி வெளியேதான். எங்கள் சனங்களுக்கு அதைவிடப் பெரிய கேவலம் இல்லை.

பிறகு ஏழெட்டு வருசம் இது இப்படியே போயிற்று. திருநாளுக்குத் திருநாள் சவரிமுத்து வண்டி கட்டிக்கொண்டு பெண்டாட்டி அருளாயியையும் பிள்ளைகளையும் அழைத்து வருவார். அவர்கள் உள்ளே போவார்கள். இவர் வெளியே மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுவிட்டு, புளியமரத்தடியில் தலைத்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பூசை முடிகிறவரை உட்கார்ந்திருப்பார். சாமி உடுப்புப் போடும்போது மெதுவாக என்னைக் கேட்பார். "வந்திருக்கானா?" வந்திருக்கிறார் என்பேன். "உள்ள வருவானாமா?" இல்லை என்பேன். அன்றைக்குப் பிரசங்கத்தில் சுரத்தே இருக்காது. இரண்டு பேருக்கும் பிடிவாதம். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வரும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஐப்பசி மழை. ஒரு நாள் காலைப் பூசை முடிந்த கையோடு சவரிமுத்தின் தம்பி சூசை ஓடி வந்தான். "சாமி, அண்ணனுக்கு நெஞ்சுல சளி கட்டிப்போச்சுங்க. இன்னிக்குத் தாண்டாதுங்க. உங்களக் கூப்பிடச் சொல்லுச்சு."

"அவனே கூப்புட்டானா?"

"அண்ணனே வாயத் தொறந்து கூப்புட்டுதுங்க."

சாமி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. சாப்பாட்டைத் தொடவில்லை.

சாவு நேரத்தில் இருப்பவருக்கு நன்மை கொண்டுபோவதற்கு ஒரு முறை உண்டு. சாமியார் நன்மையைச் சின்னச் சிமிழில் வைத்து, சிமிழை வெள்ளைப் பட்டுப் பையில் போட்டு, பையின் கயிற்றைக் கழுத்தில் மாட்டி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார். கோயில்பிள்ளை ஒரு கையில் கண்ணாடி விளக்கும் மறுகையில் மணியுமாக முன்னால் போவான். பட்டப்பகலானாலும் விளக்கு எரிய வேண்டும். புறப்பட்டுவிட்டால் சாமியார் யாரோடும் பேசக்கூடாது. வழியில் எங்கள் சனங்கள் மணிச்சத்தம் கேட்டால் சேறானாலும் மண்டியிடுவார்கள். மற்றவர்களும் தோள்துண்டை எடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். இதில் கெடியாரச் சாமி ஒரு தடவையும் பிசகியதில்லை. தேள் கொட்டியும் வாய் திறக்காமல் நடந்தவர் அவர்.

வாணியாற்றுக்குப் போனோம். காலையில் சூசை வரும்போது முழங்கால் தண்ணீராம். இப்போது மலையில் மழை கொட்டி, செம்மண் தண்ணீர் மரக்கிளையெல்லாம் அடித்துக்கொண்டு போகிறது. காத்திருந்தால் வடிந்துவிடும், மலைத்தண்ணீர் வந்த வேகத்தில் போய்விடும். சவரிமுத்து அதுவரை தாங்குவாரா என்பதுதான் கேள்வி. கரையோரத் தோட்டத்துக் கவுண்டர் மணிச்சத்தம் கேட்டு ஓடி வந்தார். விசயத்தைச் சொன்னதும் கிணற்றில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கிற வடக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, நாலு ஆட்களையும் கூட்டி வந்துவிட்டார். சூசை கயிற்று நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்திப் போய் அந்தக் கரை மரத்தில் கட்டினான்.

எனக்கு நீச்சல் தெரியும், ஆளும் உயரம். சாமிக்கு நீச்சல் தெரியாது. அவர் தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றினார்.

"ராயப்பா, குனி."

நான் குனியவில்லை. என்ன செய்யப்போகிறார் என்று புரிந்துவிட்டது. முதலில், அவர் பேசிவிட்டாரே என்பதே எனக்குத் தாங்கவில்லை.

"நான் விழுந்தா இதும் போயிரும். நீ விழமாட்ட. குனிடா."

"சாமி, நான் தொடலாமுங்களா?"

"தொடாத. சும்மா சொமந்துட்டுப் போ."

என் கழுத்தில் மாட்டிவிட்டார். பாத்திரத்தைப் பிடித்ததற்கு ஒரு மாதம் வாசல் கூட்ட விட்ட மனுசன். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. விளக்கைக் கவுண்டரிடம் கொடுத்துவிட்டு, மணியை இடுப்பில் செருகி, இரண்டு கையையும் தூக்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பை நனையாமல் கழுத்தை நிமிர்த்தியபடி அந்தக் கரை போய்ச் சேர்ந்தேன். எப்படிப் போனேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

அடுத்து சாமி இறங்கினார். பாதி ஆறு வந்திருப்பார். மிதந்து வந்த ஒரு அடிமரம் அவர் காலில் மோதியது. கயிற்றை விட்டுவிட்டார். கவுண்டரின் ஆட்கள் பாய்ந்து அங்கியைப் பிடித்து, அவர் இறங்கிய கரைக்கே திரும்ப இழுத்துப் போட்டார்கள். எழுந்து நிற்கப் பார்த்தார், கால் நிற்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே, எதிர்க்கரையில் நின்ற எனக்குக் கேட்கக் கத்தினார்.

"நீ போ! தண்ணி வடிஞ்சதும் வர்றேன். மனஸ்தாப மந்திரம் சொல்ல வை. ஆட்டப் பத்திக் கேளு. வருத்தப்படறேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சாட்சி வெச்சுக் கேளு!"

சாமியார் வந்து சேர முடியாவிட்டால் அதுதான் முறை. நோயாளி முழுமனதோடு மனஸ்தாப மந்திரம் சொல்லிவிட்டால் போதும், மன்னிப்பு உண்டு. ஆனால் சபைக்குப் புறம்பானவர் தன் குற்றத்தை நாலு பேர் கேட்க ஒத்துக்கொள்ளவும் வேண்டும்.

வீட்டில் அருளாயி சின்ன மேசை போட்டு வெள்ளைத்துணி விரித்து, சிலுவை வைத்து, இரண்டு மெழுகுத்திரி ஏற்றி வைத்திருந்தார். சவரிமுத்து பாயில் படுத்திருந்தார். மூச்சு இழுத்தது. என் கழுத்தைப் பார்த்ததும் அவருக்கே திகைப்பு.

"என்னடா ராயப்பா, உன் கழுத்துலயா? சாமி எங்க?"

நடந்ததைச் சொன்னேன்.

"அடி பலமா? காலு ஒடஞ்சுதா?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். தன் சாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மந்திரத்தை நான் சொல்லச் சொல்ல அவரும் சொன்னார். நெஞ்சில் கை வைத்து, கண்ணில் தண்ணீர் வழிய, ஒரு சொல் விடாமல் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது. சூசையையும் அக்கம்பக்கத்தாரையும் உள்ளே கூப்பிட்டுக் கேட்டேன்.

"சவரிமுத்தண்ணா, அந்த ஆட்டுக்கும் வருத்தப்படறேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அது போதும்னு சாமி சொன்னாருங்க."

அவர் நிலைப்படியோரம் நின்ற அருளாயியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"என் பாவம் அத்தனைக்கும் வருத்தப்படறேன் ராயப்பா. அந்த ஆட்டுக்கு மட்டும் இல்ல."

"அண்ணா, செவுத்துக்கு வெளியே போட்டுருவாங்க."

"போடட்டும்."

சாகக் கிடக்கிறவன், முன்னால் நன்மை இருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னால் போதும், சொல்லமாட்டேன் என்கிறான். இதென்ன நெஞ்சழுத்தம் என்று எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது. பிறகு அவர் நன்மையை ஒரு தடவை காட்டச் சொன்னார். பையைத் திறக்கவோ தொடவோ எனக்கு அதிகாரம் இல்லை. பாயோரம் மண்டியிட்டுக் குனிந்தேன். என் கழுத்தில் தொங்கியபடியே பை அவர் கண்ணுக்கு நேரே நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்த்தபடியே உயிர் போயிற்று.

பிற்பகலில் தண்ணீர் வடிந்தது. கவுண்டரின் ஆட்கள் சாமியைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். கால் வீங்கி, வேட்டித் துணியால் சுற்றியிருந்தது. வாசலில் அழுகைச் சத்தம் கேட்டபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. கட்டிலை உடலுக்குப் பக்கத்தில் இறக்கச் சொன்னார்.

"மந்திரம் சொன்னானா?"

"முழுசும் சொன்னாருங்க சாமி. அழுதுட்டே சொன்னாரு."

"ஆட்டப் பத்தி?"

பொய் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. சாட்சிகள் நிற்கிறார்கள், சாமியும் என் முகத்தையே பார்க்கிறார். சொன்னேன். "அதுக்கு மட்டும் வருத்தமில்லன்னு சொல்லிட்டாருங்க."

சாமி கண்ணை மூடிக்கொண்டார். "அப்போ வெளியேதான். நான் என்ன பண்ணட்டும்? வெளியேதான்" என்றார்.

அருளாயி கணவனின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தார். சாமி முன்னால் நின்று பேசியதே இல்லாத பொம்பளை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சாமி, அந்த ஆட்டக் குடுத்தது நானுங்க. அவருக்கு அப்பறந்தான் தெரியும். தெரிஞ்சதும் தாம் பேர்ல போட்டுக்கிட்டாரு."

சாமி திடுக்கிட்டுக் கட்டிலில் நிமிர்ந்தார்.

"நீயா? இத்தன வருசம் என்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணினயே. ஏன் சொல்லல?"

"பாவத்தத்தானேங்க சொல்லணும்? அது பாவம்னு எனக்குத் தோணவே இல்லீங்க சாமி."

"எந்தப் புள்ளைக்கு நேந்துக்கிட்ட?"

"புள்ளைங்களுக்கு இல்லீங்க." அருளாயி தலையைக் குனிந்துகொண்டார். "உங்களுக்குத்தானுங்க."

அருளாயியே தொடர்ந்து சொன்னார்.

"எங்க வூட்டுக்கெல்லாம் கஞ்சி ஊத்திட்டு நீங்க போயிப் படுத்தீங்க. கண்ணு போயிருச்சு, உசுரும் நிக்காதுன்னு சொன்னாங்க. செபமாலை சொன்னேன். ஒரு வேளச் சோத்தோட ஒரு சந்தி இருந்தேன். காதுல வுழுகற சேதியெல்லாம் மோசமாவே வந்துச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எங்க ஆத்தா ஊர்ல அம்மைக்குச் செய்யறதுல எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். ஆட்ட இழுத்துட்டுப் போனேன்."

"இவன் ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லக் கூடாதுன்னுட்டாருங்க. 'மாரியாத்தாளுக்கு நேந்துதான் நான் பொழச்சனான்னு சாமி மனசு ஒடஞ்சு போவாரு, அப்பறம் எப்புடி பீடத்துல நிப்பாரு? நாம வெளிய உக்காந்தா ஒண்ணும் கொறஞ்சு போயிர மாட்டோம்'னாரு."

சாமியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது. அது மட்டும்தான் தெரிந்தது.

அருளாயி மண்டியிட்டார். "அவரு செய்யாததுக்கு அவர வெளியே போடாதீங்க சாமி. தண்டனைய எனக்குக் குடுங்க. வாசல்ல மண்டி போடறேன்."

சாமி வழக்கமாகக் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார். வேறு எதுவும் அவர் வாயில் வரவில்லை போலும். "ஆடு குடுத்ததுக்கு வருத்தப்படறயா, அம்மா?"

அருளாயி நிமிர்ந்து சாமியை நன்றாகப் பார்த்தார்.

"நீங்க உசுரோட முன்னால உக்காந்திருக்கறீங்களே சாமி. நான் எப்புடி வருத்தப்படறது?"

சாமி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு ஒரு தடவைதான். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்தார். தான் வந்த கயிற்றுக் கட்டிலைக் காட்டி, சவரிமுத்தை அதில் கிடத்தச் சொன்னார். தான் சவரிமுத்தின் மாட்டு வண்டியில் பின்னால் வருவதாகச் சொன்னார். குழி எங்கே வெட்டுவது என்று சூசை தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"உள்ள. சிலுவைக்கு நேரா" என்றார்.

நன்மைப் பை இன்னும் என் கழுத்தில்தான் இருந்தது. எப்போது வாங்கிக்கொள்வார் என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். கழுத்தை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கோயில் வரைக்கும் நீயே கொண்டா, ராயப்பா" என்றார். "இன்னிக்கு நான் தொடறதுக்கில்ல."

நான் மணியை அடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.